ஒரு வளைவு பாக்கி

நேற்று மாலை பஸ் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு
இறங்கி வந்தேன்.
இறங்குவதற்குப் பஸ், ஏறுவதற்குக் கால்.
வியாழன் ரொட்டிக்கடைக்கு விடுமுறை,
விரலிடுக்கில் மாவு மட்டும் விடுப்பு எடுப்பதில்லை.

கிண்டாவில் குழாயடியில் புட்டியை நிரப்பும்போது
ஐந்தரை மணி.
கோழிகளுக்கு முன்னால் ஒரு கழுதை எழுந்திருந்தது.
இங்கிருந்து அஸ்மாரா வரை
சாலைக்கு ஒரே யோசனைதான்.

என் பின்சக்கரத்தில் பெரிய பல்வட்டுக்கு இருபத்தைந்து பல்.
அதற்குமேல் கேட்டால்
முழங்காலைத்தான் கொடுக்க வேண்டும்.

நெஃபாசித்.
தேநீர்க்கடைப் புகை நேராக நின்றது.
தலைக்குமேல், மேகம் தட்டும் உயரத்தில், துறவிகளின் மடம்.
பெண்ணாடுகூட அங்கே ஏறக்கூடாதாம்.
சாலை அப்படி எதுவும் கேட்பதில்லை.
வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றை உயர்த்தி
"அஜோகி!" என்றாள்.
விடாதே என்று அதற்குப் பொருள்,
பயப்படாதே என்றும்,
நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றும்.
ஒரே சொல்லில் மூன்று வளைவு ஓடியது.

பிறகு சொல் தீர்ந்தது.

மூடுபனி கடலிலிருந்து என் பின்னாலேயே ஏறி வந்து
என்னை முந்திக்கொண்டு போனது.
கீழே ரயில்பாலத்தின் வளைவுகள்
ஒன்று தெரியும், ஒன்று தெரியாது.
நாக்கில் செம்பு ருசி.
எண்ணிக்கொண்டே மிதித்தேன்.
நாற்பதுக்கு மேல் எண்கள் எனக்கு மறந்துபோயின.
திரும்ப ஒன்று, திரும்ப ஒன்று.

அர்பரோபாவுக்குக் கொஞ்சம் கீழே
ஒரு சிமெண்ட் லாரி,
ஃபியட், என்னைவிட வயதானது,
என்னைவிடக் கொஞ்சமே வேகமாக இரைத்துக்கொண்டு கடந்தது.
அதன் பின்கதவுச் சங்கிலி
தோளுக்கு எட்டும் தூரத்தில் ஆடியது.

நான் நினைக்கவில்லை.
கை நினைத்தது.

ஒரு வளைவு.
நூற்றெண்பது மீட்டர் இருக்கலாம்.
கால்கள் சும்மா தொங்கின,
இரண்டு ஈரத்துணிகள் போல.
எவ்வளவு சுகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.
கைப்பிடிச் சுவரில் பபூன்கள் பேன் பார்த்துக்கொண்டிருந்தன.
பெரியது என்னை ஒரு தரம் பார்த்தது,
தன் வேலைக்குத் திரும்பிக்கொண்டது.
சங்கிலியை விட்டபோது
உள்ளங்கையில் துரு.

மேலே மீசான் காத்திருந்தாள்,
கழுத்தில் நிறுத்துகடிகாரம், கையில் எனக்கான மக்கியாத்தோ.
இரண்டு மணி இருபத்தொன்பது!
இரண்டரைக்குள் வந்தால் குழுவில் பெயர் சேரும்.
நோட்டில் பேனா கிழிய எழுதினாள்,
என் முதுகில் ஓங்கி அறைந்தாள்.

காபி ஆறிக்கொண்டிருந்தது.
"எழுதாதே, அக்பெரெத் லாரியைப் பிடித்தாள்" என்றேன்.
என்னைப் பற்றியே யாரோ போலச் சொல்வது
எளிதாக இருந்தது.

அவள் சாலையைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள்.
"எவ்வளவு தூரம்?"
"ஒரு வளைவு."
"விடேன். ஒரு வளைவுதானே."
சொன்னவள்தான்
எண்ணை அடிக்கவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை.
பக்கத்தில் புழு மாதிரி ஒரு சிறிய வளைவை வரைந்து
மூடி வைத்தாள்.

நான் திரும்பி இறங்கினேன்.
காது அடைத்தது, பிரேக் கட்டை தீய்ந்து நாறியது.
இத்தனை நேரம் ஏறியதெல்லாம்
பதினைந்து நிமிடத்தில் என் வழியே ஒழுகிப் போனது.

அந்த வளைவின் அடியில்
சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தகர வாளியில் வைத்துக்கொண்டு
ஒரு பையன்.
காலையிலும் இங்கேதான் இருந்திருக்கிறான்.
பபூனைப் பார்த்தவள் இவனைப் பார்க்கவில்லை.

பழத்தின் முள்ளைச் சீவிக்கொண்டே,
மிகுந்த பரிவோடு சொன்னான்:
"அக்கா, இனி மத்தியானம்தான் லாரி வரும்."

சிரிப்பு வந்து மூச்சு போனது,
அதுவும் ஏற்றத்தின் தொடக்கத்தில்.
இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தேன்.
அவன் வாளியோடு கூடவே ஓடி வந்தான்,
ஏதோ தவறவிட்டுவிடுவோம் என்பதுபோல,
தள்ளாமல்,
சரியாக நூற்றெண்பது மீட்டர்.